வண்டல் என்று நான் எழுதிய சேறு

சேறு என்று எழுதியிருந்தால் போதும். இரண்டே எழுத்து. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்த எனக்கு அந்த இரண்டெழுத்தை எழுதக் கை வரவில்லை. அதன் விளைவாக, எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு கேரட் தோட்டம் இந்தப் போகத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. இதை யார்மேலாவது சுமத்திவிட முடியுமா என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். சுமத்துவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆயினும் முதல் ஆள் நான்தான்.

உதகையிலிருந்து இறங்கும் சாலையில், ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் எங்கள் வீடு. மேலே விடுதிகளும் குடியிருப்புகளும். கீழே படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள். இரண்டுக்கும் நடுவில், கற்பூர மரம் என்று இங்கே வழங்கும் தைலமரத் தோப்புக்கு அப்பால், கழிவுநீர்த் தூய்மை நிலையம். மேலேயுள்ள ஊரின் குளியல், சலவை, சமையல், கழிப்பு அனைத்தும் குழாய் வழியே அங்கே இறங்கும். தெளிந்த நீர் ஓடைக்குப் போய்விடும். அடியில் தங்குவதைப் பரந்த மேடைகளில் கொட்டிக் காயவைப்பார்கள். காய்ந்தபின் அது கறுத்து உதிர்ந்து, பார்வைக்கு நல்ல எருவைப் போலவே இருக்கும்; கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் அதற்குப் பெயர் பீ மண்ணு. அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுத்தில் இப்போதுதான் எழுதுகிறேன்.

பனிக்காலம் தொடங்கிய ஒரு முற்பகலில் வேதியியலாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குன்னூர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் பணிபுரிகிறவர்; நடுவயதுப் பெண்மணி; பிறந்த ஊர் ஸ்ரீமதுரை. கூடலூர்ப் பக்கத்தவர் என்பதால் அவருடைய தமிழில் மலையாளம் தாராளமாகக் கலந்து வரும். அந்த நிலையத்துச் சேற்றைப் புட்டியில் எடுத்துப்போய் ஆய்ந்து பார்த்திருந்தார். அதில் தீப்பிடிப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருந்தன என்றார்.

எனக்குப் புரியவில்லை. சாக்கடையில் தீக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். மெத்தை, சோபா என்று எல்லாரும் சொல்லும் மெத்திருக்கை, திரைச்சீலை, தொலைக்காட்சிப் பெட்டியின் உறை ஆகியவை எளிதில் பற்றிக்கொள்ளாதிருக்க அவற்றில் சில வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்களாம். அவை நாளடைவில் தூசியாக உதிர்கின்றன. வீட்டைத் துடைத்த நீரிலும், விடுதித் திரைச்சீலைகளைத் துவைத்த நீரிலும் கலந்து குழாயில் இறங்குகின்றன. நிலையத்தில் உள்ள நுண்ணுயிர்கள் மற்ற அழுக்கையெல்லாம் தின்றுவிடும், இவற்றைத் தொடுவதில்லை. இவை நீரோடு போகாமல் சேற்றோடு ஒட்டிக்கொண்டு தங்கும். அந்தச் சேறு தோட்டத்துக்குப் போனால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கிழங்கிலும் வேரிலும் ஏறக்கூடும், அங்கே மேயும் மாட்டின் கொழுப்பில் சேரும், பாலில் வரும். எவ்வளவு தீங்கு என்று அறுதியிட்டுச் சொல்ல அவர் மறுத்தார். மண்ணில் ஒருமுறை கலந்தால் பிரித்தெடுக்க வழியில்லை என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார்.

அவர் அமர்ந்திருந்தது, எங்கள் மகன் கோவையிலிருந்து வாங்கி அனுப்பிய மெத்திருக்கை. இதிலும் உண்டா என்று கேட்டேன்.

"இதிலயும் காணும், சாரே," என்றார் சிரிக்காமல். காணும் என்றால் அவர் பேச்சில் இருக்கும் என்று பொருள்.

அவர் வந்தது என்னிடம் ஓர் உதவி கேட்டு. உழவர்களுக்கு ஒரு பக்கத்தில் அறிவிப்பு எழுதித் தர வேண்டும். முறையான தமிழில் இருந்தால் தாங்களே அச்சிட்டு ஒட்டுவதாக நிலையத்து அலுவலகம் ஒப்புக்கொண்டிருந்தது. அப்படி ஒப்புக்கொள்ளவைக்க அவர் எத்தனை முறை நடந்திருப்பார் என்பது அவருடைய செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. போகும்போது சொன்னார்: "சிம்பிளா எழுதியா மதி, சாரே." மதி என்றால் அவர்கள் பக்கம் போதும் என்று பொருள். எளிமையாக எழுதினால் போதும். அந்தப் போதும் என்ற சொல்லைத்தான் நான் காதில் வாங்கவில்லை.

எழுதுவதற்கு மூன்று முற்பகல்கள் எடுத்துக்கொண்டேன். முதலில் அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும். சேறு என்றால் மழைக்காலத்துச் சாலைதான் நினைவுக்கு வரும்; சகதியும் அப்படியே. கசடு என்பது உள்ளத்துக் குற்றத்துக்கும் வழங்கும் சொல், குழப்பம் தரும். மண்டி என்றால் இங்கே எல்லாரும் மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்குச் சந்தையை நினைப்பார்கள். நீரின் அடியில் படிவது எதுவோ அது வண்டல். வேர்ப்பொருள் துல்லியமாகப் பொருந்துகிறது. மேலும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைச்சொல் குழுவில் நான் உறுப்பினனாக இருந்தபோது, கழிவுநீர் அடியில் தங்கும் பொருளுக்கு வண்டல் என்னும் சொல்லை முன்மொழிந்தவனே நான்தான். குழு ஏற்று, நூலில் சேர்த்தது. அப்படியே தீப்பிடிப்பதைத் தடுக்கும் பொருளுக்குத் தீத்தடுப்பி என்று ஆக்கினேன். விளக்கிச் சொல்லும் சில வரிகளுக்குப் பின், முடிவாக, இன்றும் எனக்கு மனப்பாடமாக இருக்கும் அந்த வாக்கியம்:

"இந்நிலையத்து வண்டலில் தீத்தடுப்பிகள் செறிந்துள்ளமை ஆய்வில் புலனாகியுள்ளதால், இதனை வேளாண் நிலங்களில் இடுதல் தவிர்க்கற்பாலது."

ஒரு சொல்லைக்கூட மாற்ற இடமில்லை என்று அப்போது எண்ணினேன். மனைவியை அழைத்து வாசித்துக் காட்டினேன். அவர் கொங்கு நாட்டுக்காரர். என் நடையை ஐம்பது ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டு வருபவர்.

"ஏனுங்க, பீ மண்ணு வேண்டாமுங்கன்னு நாலு வார்த்தை எழுதுனா ஆகாதுங்களா? அவங்க என்ன பரீச்சையா எழுதப் போறாங்க?"

அலுவலக அறிவிப்பில் அந்தச் சொல் தகாது என்றேன்.

"சொல்லு நாறாதுங்க. அந்த மண்ணுதான் நாறும்," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

வேதியியலாளர் வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். வண்டல் என்ற இடத்தில் சற்றுத் தயங்கினார். சொல்லின் வேரை நான் கால் மணி நேரம் விளக்கினேன். தமக்கு இவ்வளவு தமிழ் தெரியாது, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போனார். அவருடைய தயக்கம் சரியாக இருந்தது. என் விளக்கம்தான் அதைக் கெடுத்தது. அலுவலகத்துப் பொறியாளர் ஓர் எழுத்தையும் திருத்தாமல் அச்சிட்டு, நெகிழி உறையிட்டு, நிலையத்து வாயிலிலும் பால் சங்கத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டச் செய்தார். நடைப்பயிற்சிக்குப் போகையில் நானும் நின்று ஒருமுறை படித்தேன். அதை மறைப்பானேன்?

மூன்றாவது வாரம், சேறு ஏற்றும் வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போவது கூடிவிட்டதாகத் தோன்றியது. வழக்கமாக நாளுக்கு ஒரு நடை, இப்போது மூன்று. கையிருப்பை எங்காவது கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள் போலும் என்று மகிழ்ச்சியோடு எண்ணிக்கொண்டேன். அறிவிப்பு வேலை செய்கிறது என்று மனைவியிடமும் சொன்னேன். ஒரு காலையில் சாலையோரத் தேநீர்க் கடையில் அந்த வண்டியின் ஓட்டுநரைக் கண்டேன். உதகைக் காந்தல் பகுதிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்.

"ஏனுங்கய்யா, நீங்கதான அந்த நோட்டீசு எழுதுனது? இப்ப நாளைக்கு மூணு நடை அடிச்சும் பத்தலீங்க. கேட்டுக் கேட்டு வாராங்க."

கேட்டு வருகிறார்களா? எதற்கு என்றேன்.

"அதுலதான் போட்டிருக்குதுங்களே. தீப் புடிக்காதாமா. வண்டல் மண்ணாமா. கடேசி வரியில என்னமோ பாலுன்னும் இருக்குதுங்க. மாட்டுக்கும் நல்லதுங்களாட்ட."

"பாலா?"

"கற்பாலோ, கறப்பாலோ. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கடைக்காரர் கொதிக்கும் பாலை ஆற்றிக்கொண்டே, அது பசும்பாலா எருமைப்பாலா என்று வாத்தியாரய்யாவைக் கேட்டுச் சொன்னால் தமக்கும் ஆகும் என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தவிர்க்கற்பாலது என்பதன் உள்ளே பால் இருப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த ஒரு சொல்லை எத்தனை ஆண்டுகள், எத்தனை வகுப்புகளில் கையாண்டிருப்பேன்!

தவிர்க்கத்தக்கது என்பதுதான் அதன் பொருள், நிலத்தில் போடக்கூடாது என்று எழுதியிருக்கிறேன் என்றேன். ஓட்டுநர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"அப்பக் கூடாதுன்னே எழுதியிருக்கலாமுங்களே அய்யா."

 யார் யாருக்கு இறக்கினார் என்று கேட்டேன். கைவிரல் மடக்கிச் சொன்னார். மிகுதியும் ஒரே இடத்துக்கு. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, கேரட் போடும் அம்மாவுக்கு, நான்கு வண்டி.

அவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் இங்கே அனுப்பப்பட்டவர். கட்டபெட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தார், கொழுந்து பறித்தார், மணந்தார், கணவரை இழந்தார். பின்பு தோட்ட வேலையை விட்டுவிட்டு, இந்த முப்பது சென்ட் சரிவு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அவர் எடுத்தபோது அது உண்ணிச்செடி மண்டிய கற்காடு. பதினொரு ஆண்டுகளில் அவர் அதை மண்ணாக்கியதை எங்கள் பின்கட்டிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். சாணமும் இலைமக்கும் கூடையில் சுமந்து, கல்லைப் பொறுக்கி வரப்பில் அடுக்கி, ஒவ்வொரு படியாக. ஒவ்வோர் அறுவடையிலும் முதல் கட்டு கேரட் எங்கள் வீட்டுக்கு வரும். கடந்த கோடையில் அவருக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. உறைபனியில் கருகிய புல், வெயிலில் காய்ந்து, மேலேயிருக்கும் கற்பூரத் தோப்பில் யாரோ போட்ட நெருப்பில் பற்றிக்கொண்டு இறங்கியது. அவருடைய கருவிக் கொட்டகையும் நீர்க்குழாய்களும் எரிந்துபோயின.

அன்றே இறங்கிப் போனேன். எண்பதை நெருங்கும் முழங்கால்களுக்கு அந்தச் சரிவு எளிதல்ல. அவர் மேல் வரப்பில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, தலைத்துண்டை எடுத்துக் கல்மேல் விரித்து உட்காரச் சொன்னார்.

"ஐயா எழுதுன பேப்பர வாசிச்சேன். அந்தப் பக்கம் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சது. வண்டல் மண்ணு நல்ல மண்ணுன்னு டீச்சர் சொல்லித் தந்தது அப்பிடியே ஞாபகம் வந்திச்சு."

நிலம் முழுவதும் கறுப்பாக இருந்தது. கீழ்ப்பாதியில் அதைப் பரப்பி, முள்கொத்தால் கொத்திக் கலந்துவிட்டிருந்தார். மேற்பாதியில் பரப்பியது மட்டும், கொத்தவில்லை. உச்சியில், கற்பூரத் தோப்பை ஒட்டிய எல்லை நெடுக, ஒரு கோல் அகலத்துக்குக் கனமாகக் கொட்டிச் சமன்செய்திருந்தார். அதைக் கையால் காட்டினார்.

"போன வருசம் இந்த வழியாத்தான் வந்திச்சு. இனி வந்தா இதத் தாண்டாதுதானே ஐயா?"

தீத்தடுப்பி. நான் ஆக்கிய சொல் ஒரு வேலியாக அங்கே கிடந்தது.

எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. முதலில் வேதியியலாளர் சொன்னதை முறையாக விளக்க முற்பட்டேன். இரண்டு வாக்கியத்துக்குள் மீண்டும் அதே நடை வந்துவிட்டதைக் கண்டு நிறுத்தினேன். இது நல்ல மண் அல்ல, போட வேண்டாம் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது என்றேன். அவர் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று எண்ணி. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"எனக்கு விளங்கல்ல ஐயா. தீயத் தடுக்கிறது எப்பிடிக் கெட்டதாகும்?"

மெத்தையில் இருக்கும்போது அது தீயைத் தடுக்கும். மண்ணுக்கு வந்தால் மண்ணைவிட்டுப் போகாது. கேரட்டில் ஏறக்கூடும் என்றேன். சேற்றில் இருக்கும் சிறிய அளவு தீயையும் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கைகளை முன்றானையில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்துக்கொண்டார். அவர் கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் மூணு தடவ வாசிச்சேன் ஐயா," என்றார். அவ்வளவுதான்.

வேதியியலாளரை வரவழைத்தேன். அவர் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொத்திய பாதியில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். மேற்பாதியையும் எல்லையையும் மேல்மண்ணோடு சுரண்டி எடுத்துவிடலாம். எஞ்சியதை ஆய்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். முடிவு வர மாதங்கள் ஆகும். அந்தத் தவிர்க்கற்பாலதில் பால் வந்த கதையைத் தேநீர்க் கடையில் அவரும் கேட்டிருந்தார். அந்த நோட்டீசில் ஜனங்கள் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான், பாலில் அது வரத்தான் செய்யும் என்றார். 

இரண்டு நாள் சுரண்டினோம். அந்த அம்மாவும் அவருடைய நாத்தனாரும் மண்வெட்டி பிடித்தார்கள். வேதியியலாளர் வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு அள்ளினார். என் மனைவி உரச்சாக்குகளின் வாயைப் பிடித்துக்கொண்டார். முதல் நாள் பிற்பகலில் நான் இரண்டு சாக்கைத் தூக்கினேன். பிறகு முதுகு பிடித்துக்கொண்டது. வரப்பில் உட்கார்ந்து கயிறு கட்டும் வேலை எனக்கு. பதினொரு ஆண்டுகளாகக் கூடையில் சுமந்து சேர்த்த இலைமக்கும் அந்தக் கறுப்போடு சேர்ந்துதான் வந்தது. அதைத் தனியே விடச் சொல்லி மண்வெட்டிக்குச் சொல்ல முடியுமா? நாற்பத்தொரு சாக்கு. மேற்பாதியில் மறுபடியும் கல் தெரிந்தது.

சாக்குகளை எங்கே கொண்டுபோவது? வந்த இடத்துக்கே என்பதுதான் எவருக்கும் தோன்றும். மறுநாள் நிலையத்து அலுவலகத்துக்குப் போனேன். கையில் புதிய அறிவிப்பு ஒன்றும் எழுதி எடுத்துப் போனேன். அதில் சேறு என்றும், கெடுதல் என்றும், போடாதீர்கள் என்றும் எழுதியிருந்தேன்.

பொறியாளர் எழுந்து நின்று வரவேற்றார். இதைத்தான் தாங்கமுடியவில்லை. ஒருவர் முகத்தில் கதவைச் சாத்தினால் கதவைத் தட்டலாம். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்துத் தேநீர் வரவழைப்பவரை என்ன செய்வது? சாக்குகளைப் பற்றி முதலில் பேசினார். நிலையத்தை விட்டு வெளியே போனதைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை. கொடுப்பதற்குப் பதிவேடு உண்டு, வாங்குவதற்கு இல்லை. நிலையத்தைவிட்டு வெளியே போனபின் அது அந்த அம்மாவின் மண். அப்படியானால் கொடுப்பதையாவது நிறுத்துங்கள் என்றேன். நிறுத்த மேலிடத்து உத்தரவு வேண்டும். இந்தப் பொருளுக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று விதியில் எங்கும் அளவு இல்லை. அளவு இல்லாத ஒன்று அளவைத் தாண்டியதாக எப்படி எழுதுவது என்று என்னையே கேட்டார். கேட்டது கேலியாக அல்ல. உண்மையாகவே என் கருத்தை எதிர்பார்த்தார்.

பிறகு என் புதிய அறிவிப்பை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு, எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்து வந்து என் முன் விரித்து வைத்தார். பழுப்பேறிய அந்தக் கலைச்சொல் தொகுதியை நான் தொலைவிலிருந்தே அறிந்துகொண்டேன். வண்டல் என்ற பதிவின்மேல் விரல் வைத்தார். பின்பு முன்பக்கத்தைத் திருப்பி, குழுவினர் பட்டியலில் என் பெயரைக் காட்டினார்.

"அய்யா, நீங்களே கையெழுத்துப் போட்ட புத்தகமுங்க. இப்பச் சேறுன்னு மாத்துனா, எதை வெச்சு மாத்துனீங்கன்னு ஆடிட்டுல கேப்பாங்க."

நானே கேட்கிறேன், நானே மாற்றுகிறேன் என்றேன். தனிமனிதர் ஒருவர் மாற்ற முடியாது, குழுதான் கூட வேண்டும் என்றார். அந்தக் குழுவில் இன்று உயிரோடிருப்பவன் நான் ஒருவனே என்பதைச் சொன்னேன். அவர் மிகவும் வருந்தினார். போடாதீர்கள் என்ற சொல்லும் சிக்கல்தானாம். அது கட்டளை, கட்டளையிட அவருக்கு அதிகாரம் இல்லை.

"தவிர்க்கற்பாலது ரொம்ப நல்லா இருக்குதுங்கய்யா. உத்தரவும் இல்ல, அனுமதியும் இல்ல. அந்த மாதிரி ஒரு வார்த்தை எங்களுக்குக் கெடைக்கவே கெடைக்காது."

வாழ்நாளில் என் நடையைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். இதைப்போல ஒரு பாராட்டு எந்த எதிரிக்கும் வேண்டாம். யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத ஒரு சொல்லைத் தேடி அலுவலகங்கள் ஏங்கிக்கொண்டிருந்தபோது, நானே தேடிப்போய் அதைக் கொடுத்திருக்கிறேன்.

மேலிடங்களுக்கு நான்கு மடல்கள் எழுதினேன். இரண்டுக்கு மறுமொழி வந்தது. இரண்டும் ஒரே வாக்கியம்: தங்கள் மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது. எங்கே அனுப்பப்பட்டது என்று விசாரித்தேன். அந்தப் பொறியாளருக்கு.

நாற்பத்தொரு சாக்குகளும் இப்போது எங்கள் கார்க் கொட்டகையில் இருக்கின்றன. ஓடையோரம் கொட்ட மனம் வரவில்லை. தோப்பில் கொட்டினால் மழை மறுபடியும் அவருடைய நிலத்துக்கே இறக்கிவிடும். கார் சாலையில் நிற்கிறது. சாக்குகள்மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். விருந்தாளிகள் எப்போதுதான் கிளம்புவார்கள் என்று மனைவி வாரம் ஒருமுறை கேட்கிறார். வீட்டைக் கூட்டிய தூசியை இப்போதெல்லாம் அவர் நீரில் கரைத்துக் கொட்டுவதில்லை. ஒரு பையில் கட்டி வைக்கிறார். அந்தப் பையை எங்கே போடுவது என்பதற்கும் எங்களிடம் விடையில்லை. மெத்திருக்கையை வெளியேற்றலாம் என்றால் அதற்கும் ஓர் இடம் வேண்டும். ஆகையால் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

பனி விலகி விதைப்புக்கு உரிய நாள்கள் வந்தன. சுற்றிலுமுள்ள தோட்டங்களில் பாத்தி கட்டினார்கள். எங்கள் பின்கட்டிலிருந்து நான் நாள்தோறும் பார்த்தேன். கீழே யாரும் வரவில்லை. ஒரு மாலையில் அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். விதை வாங்கி வைத்திருந்தாராம்; அதை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாராம். ஆய்வு முடிவு வரும்வரை மேற்பாதியில்கூடப் போடப்போவதில்லை என்றார். சந்தையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், மற்றவர்கள் போடத்தானே செய்கிறார்கள் என்று நாத்தனார் சொல்லியிருக்கிறார்.

"வாங்குறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்தானே ஐயா."

மறுபடியும் கொழுந்து பறிக்கப் போவதாகச் சொன்னார். தற்காலிக ஆளாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு வண்டி. இருபதாண்டுகள் பறித்துச் சலித்து, இனிப் போவதில்லை என்று விட்டுவந்த வேலை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அது நீளமாகப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; நடுவிலேயே, ஐயா ஒரு பேப்பர் எழுதித் தாங்க என்றார். நிலையத்து வாயிலில் ஒட்ட. தாமே சொல்வார், நான் எழுதினால் போதும்.

தாளும் தடித்த மைக்கோலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் நின்றபடியே சொன்னார். பீ மண்ணு எடுக்காதீங்க. தோட்டம் கெட்டுப்போகும். நான் போட்டு என் தோட்டம் கெட்டுப்போச்சு.

எழுதி முடித்துக் காட்டினேன். வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்தார். முதல் சொற்களிலேயே விரல் நின்றது.

"மண்ணுன்னு சொன்னேன் ஐயா. இங்க கடேசி எழுத்தக் காணோம்."

அவர் சொன்னது மண்ணு. நான் எழுதியிருந்தது மண். கை பழக்கத்தால் ஈற்று உகரத்தை வெட்டியிருக்கிறது. அவர் மறுபடி ஒருமுறை அழுத்திச் சொன்னார்: மண்ணு. வேறு தாள் எடுத்து எழுதினேன். அதில் திருத்த ஒன்றுமில்லை என்று மடித்து எடுத்துக்கொண்டு போய், அச்சடித்த அறிவிப்புக்குப் பக்கத்தில் அவரே ஒட்டினார்.

மறுநாள் அது இல்லை. வாயிற்காவலர் கிழித்துவிட்டார், தகாத சொல் இருப்பதாக உள்ளேயிருந்து சொன்னார்களாம். என்னிடம் வருத்தம் தெரிவித்தார். மீண்டும் எழுதினேன். சில தாள்கள் மூன்று நாள் நிற்கின்றன. சில அரை நாள். அச்சடித்தது நெகிழி உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை மழையும் தொடுவதில்லை, மனிதரும் தொடுவதில்லை. சேற்று வண்டி இப்போது நாளுக்கு ஒரு நடைதான் இறங்குகிறது. அதுவும் ஏன் இறங்குகிறது என்று கேட்கப் போனால், எனக்கு நாற்காலி துடைத்துப் போடுவார்கள்.

ஏழு மணி வண்டி அந்த வாயிலைக் கடந்துதான் போகிறது. அவர் சன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு போவாராம். தாள் இருந்தால் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. இல்லாவிட்டால், மாலையில் வீடு திரும்பும் வழியில் எங்கள் வாசலில் நின்று, "ஐயா, பேப்பர் இல்ல," என்கிறார். நான் எழுத உட்காருகிறேன்.